சுர இடைவெளியால் நோய் தீருமா? – வாசகர் கேள்வி பதில்

ஒலி சிகிச்சை பற்றி வந்த கடிதங்களில், இரண்டு சுரங்களுக்கு இடையிலான இடைவெளியைத் தொட்டுக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஷட்ஜமும் (ச) பஞ்சமமும் (ப) சேர்ந்து ஒலிக்கும்போது இனிமையாக இருக்கிறது, ஷட்ஜமும் அதற்கு மிக நெருங்கிய சுத்த ரிஷபமும் (ரி) சேர்ந்து ஒலித்தால் காது கூசுகிறது. ஒலி சிகிச்சை வகுப்பில் இதைப் ‘பிரபஞ்ச விதி’ என்றார்கள். அது சரிதானா? (வாய்ப்பாட்டு பயிலும் மாணவி)

பதில்: பாதி சரி. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

ஒரு நரம்பை மீட்டும்போது ஒரே ஓர் அதிர்வெண் மட்டும் பிறப்பதில்லை. அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்களும் கூடவே பிறக்கின்றன. ஷட்ஜத்தை 256 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 256 அதிர்வில், வைத்துக்கொண்டால் அதன் வரிசை 256, 512, 768, 1024 என்று போகும். பஞ்சமம் ஷட்ஜத்துக்கு 3:2 என்ற விகிதத்தில் நிற்பதால் அது 384 ஹெர்ட்ஸ். அதன் வரிசை 384, 768, 1152. ஷட்ஜத்தின் மூன்றாவது உறுப்பும் பஞ்சமத்தின் இரண்டாவது உறுப்பும் 768-இல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. சுத்த ரிஷபத்தை 16:15 என்று கொண்டால் அது ஏறத்தாழ 273 ஹெர்ட்ஸ். அதன் வரிசை 273, 546, 819 என்று போவதால், ஒவ்வோர் உறுப்பும் ஷட்ஜத்தின் உறுப்புக்கு மிக அருகில் வந்து நின்று, அதோடு சேராமலும் விலகாமலும் உரசிக்கொண்டே இருக்கிறது. அருகருகே உள்ள இரண்டு அதிர்வெண்கள் ஒன்றாக ஒலித்தால், அவற்றின் வித்தியாசம் எவ்வளவோ அத்தனை முறை வினாடிக்கு ஒலி ஏறி இறங்கும். இதைத்தான் பள்ளிப் பாடத்தில் விம்மல் என்று படித்திருப்பீர்கள். மெதுவான விம்மல் ஆடுவதுபோல் கேட்கும். வேகமான விம்மல் சொரசொரப்பாகக் கேட்கும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் இந்தச் சொரசொரப்பைக் கொண்டே இசைவையும் முரணையும் விளக்கினார். 1965-இல் பிளாம்ப், லெவெல்ட் என்ற இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள், உட்செவியின் சுருளுக்குள் ஒரே பகுதியில் வந்து விழும் அளவுக்கு நெருங்கிய ஒலிகளே இப்படி உரசுகின்றன என்பதை அளந்து காட்டினார்கள்.

இதை நீங்களே கேட்டுப் பார்க்கலாம். ஒலி எழுப்பும் செயலிகளைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, இரண்டு கைப்பேசிகளில் 256, 384 என்று வையுங்கள். அலை வடிவத்தை மட்டும் சைன் என்பதிலிருந்து ரம்பப்பல் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். சைன் அலையில் மேற்சுரங்களே இல்லாததால் சோதனை எடுபடாது. இரண்டும் சேர்ந்து அசைவில்லாமல் நிற்கும். இப்போது 384-ஐ 383 ஆக்குங்கள்: வினாடிக்கு இரண்டு விம்மல்கள் எழும், ஏனெனில் 768-உம் 766-உம் மோதுகின்றன. 380-க்கு இறக்கினால் விம்மல் எட்டாகி, ஒலி நடுங்கத் தொடங்கும். தம்பூராவைச் சுருதி சேர்ப்பவர்கள் கணக்கு எதுவும் போடாமல் காதாலேயே தேடுவது இந்த நடுக்கம் நின்றுபோகும் இடத்தைத்தான்.

அந்த வகுப்பில் பிதாகரஸ் கொல்லன் பட்டறையில் சம்மட்டிகளின் எடையைப் பார்த்து இந்த விகிதங்களைக் கண்டுபிடித்தார் என்ற கதையையும் சொல்லியிருப்பார்கள். அது கதைதான். சம்மட்டியின் எடைக்கும் அது எழுப்பும் சுரத்துக்கும் அப்படிப்பட்ட நேர் உறவு கிடையாது. நரம்பில் எடையைத் தொங்கவிட்டாலும், ஒரு பஞ்சமம் உயர எடையை 3:2 ஆக்கினால் போதாது, 9:4 ஆக்க வேண்டும். கலீலியோவின் தந்தை வின்சென்சோ கலீலி 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைச் சோதித்து எழுதிவிட்டார்.

ஆகவே விகிதம் உண்மை, விம்மல் உண்மை. ஆனால் இந்தக் கணக்கு ஓர் ஒலி வழவழப்பாக இருக்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா என்பதைச் சொல்லுமே தவிர, அது உடலுக்கு நல்லதா என்பதைச் சொல்லாது. ‘விதி’ என்ற சொல் இந்த இரண்டாவது பாதிக்குள் நுழையும்போதுதான் நாம் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஓர் ஒலி சிகிச்சை அமர்வில் 256, 384 என்று பொறித்த இரண்டு இசைக்கவைகளை (தட்டினால் ஒரே சுரத்தில் அதிரும் உலோகக் கவைகள்) தட்டி என் காதுகளுக்கு அருகில் பிடித்தார்கள். பஞ்சம இடைவெளி நரம்பு மண்டலத்தைச் சமன் செய்யும், மத்திமம் (ம) மனத்தைத் திறக்கும், காந்தாரம் (க) இதயத்துக்கு, சிறிய காந்தாரம் துயரத்தை வெளியேற்ற என்று ஒரு பட்டியலும் தந்தார்கள். ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு பலன் என்பது நிரூபிக்கப்பட்டதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: நிரூபிக்கப்படவில்லை. பஞ்சமத்தைக் கேட்ட நோயாளிகளையும் மத்திமத்தைக் கேட்ட நோயாளிகளையும் ஒப்பிட்டு, ஒரு குறிப்பிட்ட நோய் ஒரு குழுவுக்குத் தீர்ந்தது, மற்றொரு குழுவுக்குத் தீரவில்லை என்று காட்டி, பிறரும் செய்து உறுதிப்படுத்திய மருத்துவச் சோதனையின் மீது அந்தப் பட்டியல் நிற்கவில்லை. அது மனிதர்கள் இடைவெளிகளைக் கேட்டு உணர்ந்ததை எழுதிவைத்த பட்டியல். அந்த உணர்வைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது காலத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப மாறுகிறது என்பதற்குச் சான்றுகள் நிறைய இருக்கின்றன.

முதல் சான்று நம் கையிலேயே உள்ளது. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதை யாழ் நரம்புகளுக்கு, அதாவது சுரங்களுக்கு, இடையிலான உறவை இணை, கிளை, பகை, நட்பு என்று நான்காக வகுக்கிறது. நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்பது உரை மரபு. இன்றைய பட்டியல் ‘இதயத்துக்கு’ என்று பரிந்துரைக்கும் காந்தாரம், அதாவது மூன்றாவது நரம்பு, அன்றைய யாழாசிரியனுக்குப் பகை நரம்பு! ஐரோப்பாவிலும் மத்தியகாலத்தின் முற்பகுதியில் மூன்றாம் இடைவெளி இசைவான இடைவெளிகளின் வரிசையில் சேர்க்கப்படவில்லை; பின்னால்தான் அது மெல்ல மெல்ல உள்ளே வந்து, இறுதியில் அந்த இசையின் நடுத்தூணாகவே ஆகிவிட்டது. காது அதேதான், இயற்பியலும் அதேதான். மாறியது கேட்கும் பழக்கமும், ஓரளவுக்குச் சுருதி சேர்க்கும் முறையும்.

இரண்டாவது சான்று ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. பொலிவியாவின் அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே என்ற பழங்குடியினரிடம் மேற்கத்திய இசையில் இனிமை, முரண் என்று கொள்ளப்படும் சுரக் கூட்டுகளை ஒலிக்கச் செய்து கருத்துக் கேட்டார்கள். இரண்டையும் அவர்கள் ஒரே அளவு இனிமையானவை என்றே மதிப்பிட்டனர். 2016-இல் வெளியான இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: சொரசொரப்பான ஒலியை அவர்களும் விரும்பவில்லை. வழவழப்புக்கும் சொரசொரப்புக்கும் உடல் காட்டும் எதிர்வினை பொதுவாக இருக்கலாம், ஆனால் இன்ன இடைவெளி இனியது என்ற தீர்ப்பு எல்லோருக்கும் பொதுவானதல்ல என்பதையே இது காட்டுகிறது. குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளும் ஒரே திசையில் போகவில்லை. 1996-இல் நான்கு மாதக் குழந்தைகள் இசைவான ஒலியை விரும்பியதாக ஓர் ஆய்வு வந்தது. 2014-இல் வேறு ஆய்வாளர்கள் சோதித்தபோது அந்த விருப்பம் தென்படவில்லை.

பட்டியலின் நான்கு வரிகளில் சிறிய காந்தாரத்துக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலம் பேசும் நடிகர்கள் சோகத்தோடு பேசிய சொற்களின் சுருதியை அளந்தபோது, அது ஏறத்தாழ சிறிய காந்தார அளவுக்கு, அதாவது நம் இசையில் ‘சாதாரண காந்தாரம்’ எனப்படும் 6:5 என்ற இடைவெளிக்கு, இறங்குவதாக 2010-இல் ஓர் ஆய்வு கண்டது. அந்த இடைவெளி சோகத்தை நினைவூட்டுவதற்குப் பேச்சிலேயே ஒரு வேர் இருக்கக்கூடும். ஆனால் சோகத்தை நினைவூட்டுவது வேறு, சோகத்தை ‘வெளியேற்றுவது’ வேறு.

இசைக்கவைக்கு மருத்துவத்தில் உறுதியான இடம் ஒன்று இருக்கவே இருக்கிறது, அது சிகிச்சைக்கு அல்ல, பரிசோதனைக்கு. 512 ஹெர்ட்ஸ் கவையைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பிலும் நெற்றியிலும் வைத்துச் செவித்திறனைச் சோதிக்கிறார்கள். 128 ஹெர்ட்ஸ் கவையைக் கால் பெருவிரலில் வைத்து, நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

கேள்வி: ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் (இரண்டு மத்திமங்களில் உயர்ந்தது) இடையிலான இடைவெளி தீய ஆற்றல் கொண்டது, பழைய தேவாலயங்கள் அதைத் தடை செய்திருந்தன என்கிறார்களே? (இசை ரசிகர்)

பதில்: ‘இசையில் சாத்தான்’ என்ற பட்டப்பெயர் அந்த இடைவெளிக்கு ஐரோப்பாவில் உண்டு, ஆனால் அது பாடமுறை ஆசிரியர்கள் மாணவர்களை எச்சரித்த வழக்கு, தேவாலயம் ஆணையிட்டுத் தடுத்தது என்பதற்கு ஆதாரமில்லை. பாடும்போது சுருதி பிடிக்கக் கடினமான இடைவெளி என்பதே எச்சரிக்கையின் உட்பொருள். கர்நாடக இசையின் 72 மேளகர்த்தாக்களில், அதாவது தாய் ராகங்களில், சரிபாதி, 36 மேளங்கள், பிரதி மத்திமம் கொண்டவை. கல்யாணி ராகத்தை ஆலாபனை செய்கிறவர் இடைவிடாமல் ஒலிக்கும் ஷட்ஜத்தின் மேல் அந்த மத்திமத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் பாடுகிறார். கேட்பவர்கள் எழுந்து ஓடுவதில்லை.

கேள்வி: 528 ஹெர்ட்ஸ் ஒலி டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் என்று சொல்லி, 396, 417, 528, 639, 741, 852 என்ற ‘பண்டைய சோல்ஃபெஜியோ அதிர்வெண்கள்’ பரவுகின்றன. இவை பழங்காலத் துறவிகளின் இசையிலிருந்து வந்தவையா? (பொறியாளர்)

பதில்: நீங்கள் பொறியாளர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஆறு எண்களின் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 396-க்கு 18, அதாவது 9, 417-க்கு 12, அதாவது 3, 528-க்கு 15, அதாவது 6. அடுத்த மூன்றிலும் இதே 9, 3, 6 திரும்ப வரும். மேலும் 396-இன் இலக்கங்களை இடம் மாற்றினால் 639, 417-ஐ மாற்றினால் 741, 528-ஐ மாற்றினால் 852. இது எண் சோதிடத்தின் கைவரிசை. காதால் கேட்டு அமைத்த சுர வரிசை ஒருநாளும் இப்படி அமையாது.

இடைவெளிகளாகவும் சோதித்துவிடுவோம். 396-க்கும் 528-க்கும் உள்ள உறவு மிகச் சரியாக 3:4. 639-க்கும் 852-க்கும் அதேதான். இரண்டும் தூய சுத்த மத்திம இடைவெளிகள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 528-லிருந்து 639-க்குப் போனால் தூய சாதாரண காந்தாரம் 633.6-இல் இருக்கிறது, இது ஐந்தரை ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. 396-லிருந்து 639-க்குத் தூய சுத்த தைவதம், அதாவது 8:5, கிடைப்பதற்குப் பதிலாக ஏறத்தாழ 15 சென்ட் உயர்ந்து நிற்கிறது. 100 சென்ட் ஓர் அரைச்சுரம் என்பதால் பயிற்சி உள்ள காதுக்கு இந்தப் பிசகு நன்றாகவே தெரியும். இடைவெளியின் புனிதத்தைப் பேசுகிறவர்கள் தங்கள் எண்களை இடைவெளியாகக் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வரலாற்றுக்கு வருவோம். 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி குய்தோ, ஒரு துதிப்பாடலின் அடிகளின் முதல் அசைகளைக் கொண்டு உத், ரே, மி, ஃபா, சோல், லா என்ற, பின்னாளில் சோல்ஃபெஜியோ எனப்பட்ட பாடமுறைக்கு மூலமான, முறையை உருவாக்கினார் என்பது உண்மை. அந்தக் காலத்தில் ஓர் ஒலி வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று அளக்கும் கருவி கிடையாது. ஆகவே அவர் எந்த எண்ணையும் விட்டுச் சென்றிருக்க முடியாது. இந்த ஆறு எண்களும் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஒருவர் விவிலியத்தின் வசன எண்களை இலக்கம் கூட்டிப் பெற்றதாகச் சொல்லி, 1999-இல் அச்சேறிப் பரவியவை.

டி.என்.ஏ. பற்றியது இன்னும் எளிது. உடல் திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். ஆகவே 528 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் உடலுக்குள் ஏறத்தாழ 3 மீட்டர். டி.என்.ஏ. இழையின் அகலம் 2 நானோமீட்டர். மூன்று மீட்டர் அலை அந்த இழையைத் தனியே தேடிப் பிடித்துத் திருத்துவதற்கு வழியில்லை. போதாக்குறைக்கு, காற்றில் வரும் ஒலி தோலில் பட்டதும் அதன் ஆற்றலில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பிப் போய்விடுகிறது. ‘கல்லீரலுக்கு ஒரு சுரம், சிறுநீரகத்துக்கு ஒரு சுரம்’ என்ற வாதமும் இதே இடத்தில்தான் விழுகிறது.

கேள்வி: அப்படியானால் சிறுநீரகக் கல்லை ஒலியால் உடைக்கிறார்களே? (அதே பொறியாளர்)

பதில்: உடைக்கிறார்கள், 1980-இல் மியூனிக்கில் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்டது. அது அதிர்ச்சி அலை. நீர் அல்லது கூழ்மம் வழியாக, காற்று இடைவெளி இல்லாமல், உடலுக்குள் செலுத்தி ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். சுரத்துக்கோ இடைவெளிக்கோ அதில் வேலை இல்லை.

கேள்வி: 440-ஐ விட 432 ஹெர்ட்ஸில் சுருதி வைத்தால் இயற்கையோடு ஒத்துப்போகும் என்கிறார்கள். (இல்லத்தரசி)

பதில்: ஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, வினாடி மனிதர் வகுத்த அளவு. வினாடியைச் சற்று நீட்டி வகுத்திருந்தால் அதே ஒலிக்கு வேறு எண் வந்திருக்கும். 440 என்பது மேற்கத்திய இசையின் ‘ஏ’ சுரத்துக்கு 1939-இல் லண்டனில் கூடிய மாநாட்டில் ஒப்புக்கொண்ட பொது அளவு. அதற்கு முன் பிரான்ஸ் 1859-இல் 435 என்று சட்டம் போட்டிருந்தது. சுருதியை 440-லிருந்து 432-க்கு இறக்கினால் எல்லாச் சுரங்களும் ஒரே விகிதத்தில் இறங்கும், ஆகவே இடைவெளி ஒன்றுகூட மாறாது. நம் பாடகர்கள் ஒருவர் ஒரு கட்டையிலும் இன்னொருவர் ஐந்தரைக் கட்டையிலும் பாடுகிறார்கள். இருவருக்கும் ஷட்ஜம் ஷட்ஜம்தான். ‘ஷட்ஜம் மூலாதாரத்துக்கு, ரிஷபம் அடுத்த சக்கரத்துக்கு’ என்று குறிப்பிட்ட ஹெர்ட்ஸ் எண்ணோடு அச்சிட்டுத் தரும் அட்டவணைகளுக்கும் இதே பதில் பொருந்தும்.

கேள்வி: நான் கீபோர்டு வாசிக்கிறேன். கீபோர்டின் சுரங்கள் தூய விகிதத்தில் இல்லை, எனவே அதன் இசை உடலைக் கெடுக்கும் என்று ஒருவர் சொன்னதிலிருந்து மனம் சஞ்சலப்படுகிறது. (கல்லூரி மாணவர்)

பதில்: அவர் சொன்னதன் முன்பாதி உண்மை. கீபோர்டில் ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை உள்ள தூரம், 12 சம பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இதில் பஞ்சமம் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை: தூய பஞ்சமம் 702 சென்ட், கீபோர்டில் 700. ஷட்ஜம் 256 என்றால் பஞ்சமம் 384-க்குப் பதில் 383.57, வினாடிக்கு ஒன்றுக்கும் குறைவான விம்மல், யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்தர காந்தாரத்தில்தான் விலை கொடுக்கிறோம். தூய 5:4 என்றால் 386 சென்ட், கீபோர்டில் 400. 320 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டியது 322.5-இல் நிற்கிறது, ஷட்ஜத்தின் ஐந்தாவது உறுப்பும் காந்தாரத்தின் நான்காவது உறுப்பும் மோதி வினாடிக்குப் பத்து விம்மல்கள் எழுகின்றன. ஆர்கன் போன்ற நீண்ட ஒலியைத் தேர்ந்தெடுத்து இரண்டு கட்டைகளையும் அழுத்திப் பிடித்தால் அந்த மினுமினுப்பு கேட்கும். நல்ல தம்பூராவின் பக்கத்தில் இருந்து பழகியவர்களுக்கு இது உறுத்தும், எனக்கும் உறுத்தும். உறுத்துவது ரசனைக்குத்தான். உடலைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, தயங்காமல் வாசியுங்கள்.

கேள்வி: ஹெட்போனில் ஒரு காதில் 200, மறு காதில் 210 ஹெர்ட்ஸ் கேட்டால் மூளை 10 ஹெர்ட்ஸ் அலைக்கு மாறி அமைதி அடையும் என்கிறார்களே? (மென்பொருள் ஊழியர்)

பதில்: இரண்டு காதிலும் தனித்தனியே வரும் ஒலிகளை மூளைத்தண்டு ஒன்றுசேர்ப்பதால், வெளியே இல்லாத விம்மல் ஒன்று உள்ளே கேட்கிறது. ஜெர்மானிய இயற்பியலர் டோவே 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இது நடக்கும். கேட்பது உண்மை. மூளையின் மின்னலைகள் அதே தாளத்துக்கு வந்து சேர்கின்றனவா என்று மூளை அலைப் பதிவு வைத்துச் சோதித்தவர்களின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. பதற்றம் ஓரளவு குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் சில உண்டு. நீங்கள் சொன்ன 200:210, அதாவது 20:21, அரைச்சுரத்தை விடச் சற்றுக் குறுகிய இடைவெளி. ஒரே ஒலிபெருக்கியில் கேட்டால் காது கூசும் இடைவெளியையே இங்கே அமைதிக்கு மருந்தாகத் தருகிறார்கள் என்பதைப் பஞ்சமத்தின் புகழ் பாடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

கேள்வி: உங்கள் முந்தைய பதில்கள் எல்லாவற்றையும் மறுப்பதாகத் தோன்றுகிறது. கிண்ண ஒலி அமர்வு ஒன்றில் படுத்துக் கேட்டேன். எழுந்தபோது பல மாதங்களாக இல்லாத அமைதி இருந்தது. அது பொய்யா? (செவிலியர்)

பதில்: இல்லை. உங்கள் அமைதியை நான் மறுக்கவே மாட்டேன்; அதற்கு எது காரணம் என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

கிண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். உலோகக் கிண்ணம் நரம்பைப்போல 1, 2, 3 என்ற முழு எண் வரிசையில் ஒலிப்பதில்லை. அதன் இரண்டாவது பெரிய ஒலி முதல் ஒலியைப்போல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கில் நிற்கும். எந்தத் தூய இடைவெளியிலும் அது அடங்காது. கிண்ணத்தின் விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இல்லாததால், ஒவ்வோர் ஒலியும் மிக நெருங்கிய இரண்டாகப் பிளந்து மெதுவாக விம்முகிறது. நீங்கள் கேட்ட அந்த ‘உவ்… உவ்…’ என்ற அலைவு அதுதான். 3:2 இல்லாமலேயே உங்களுக்கு அமைதி கிடைத்திருக்கிறது.

2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 62 பேர் கிண்ண ஒலி தியானத்துக்குப் பிறகு இறுக்கம், கோபம், சோர்வு ஆகியவை குறைந்ததாகத் தெரிவித்தார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது. ஒலியே இல்லாமல் அதே நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. இசை பொதுவாகத் தரும் ஆறுதலுக்குச் சான்று இதைவிட வலுவானது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இசை கேட்டதைப் பற்றிய 73 சோதனைகளைத் தொகுத்து 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, வலியும் பதற்றமும் வலிநிவாரணியின் தேவையும் குறைந்ததாகக் காட்டியது. இன்ன இசை என்று கட்டாயம் இல்லை. நோயாளியே தேர்ந்தெடுத்த இசைக்குப் பலன் சற்றுக் கூடுதலாகத் தோன்றினாலும் அந்த வித்தியாசம் உறுதியாகவில்லை.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தொட்டுக் காட்டிய ஆய்வுகளில் எனக்குப் பிடித்தவை இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் செய்தவை. 2001-இல் அவர்கள் லத்தீன் ஜெபமாலைப் பிரார்த்தனையையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்லவைத்து அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறைக்கு இறங்கியது. அந்த வேகத்தில் இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் கூர்மையடைந்தது. 2006-இல் பல வகை இசையைக் கேட்கவைத்தபோது, வேகமான இசைக்கு மூச்சும் இதயத் துடிப்பும் ஏறின. இசையின் வகையை விட அதன் வேகமே பெரிதாக இருந்தது. இடையில் விட்ட இரண்டு நிமிட மௌனத்தில்தான் உடல் தொடக்க நிலையை விடவும் கீழே தளர்ந்தது. இவற்றோடு ரீங்காரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயை மூடி ‘ம்…’ என்று முனகினால், சாதாரண மூச்சு வெளிவிடுவதை விட மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு பதினைந்து மடங்கு கூடுவதாக 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்தார்கள். முகத்தின் எலும்புப் பைகளில் உள்ள காற்று அதிர்ந்து வெளியே வருவதே காரணம். இசைக்கவைப் பஞ்சமம் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்யும் என்று சொல்லப்படுவதை நீங்கள் கேட்டிருக்கலாம். முனகலுக்குக் கிடைத்த அந்த அளவீட்டுக்கு எந்த இடைவெளியும் தேவைப்படவில்லை.

ஆக உங்களுக்கு அமைதி தந்தவை மெதுவான மூச்சு, அசையாத உடல், ஒன்றன்மேல் நிலைத்த கவனம், இடையிடையே மௌனம், உங்களை யாரும் அழைக்காத ஒரு மணி நேரம் என்றே நான் நினைக்கிறேன். உங்கள் தொழிலில் கடைசியாகச் சொன்னதன் அருமை எனக்குப் புரிகிறது. இடைவெளிக்கு இங்கே ஒரு பங்கு உண்டு: நன்கு சேர்ந்த ஷட்ஜ-பஞ்சமம் உறுத்தலின்றி நிற்பதால், மூச்சையும் கவனத்தையும் அதன்மேல் சாய்த்துவைக்க வசதியாக இருக்கிறது. அந்த வசதியை நோய் தீர்க்கும் ஆற்றல் என்று விற்பதுதான் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: என் தாயாருக்கு இரத்த அழுத்தமும் காது இரைச்சலும் உண்டு. ஒலி சிகிச்சையாளர் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு இசைக்கவை, கோங் (பெரிய உலோகத் தட்டு மணி) அமர்வுகளுக்கு வரச் சொல்கிறார். என்ன செய்யலாம்? வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா? (மகள்)

பதில்: மாத்திரையை நிறுத்தச் சொன்னவரிடம் அம்மாவை மறுபடி அனுப்ப வேண்டாம் அம்மா. அவருடைய கவைகள் எவ்வளவு துல்லியமாகச் சுருதி சேர்ந்திருந்தாலும் சரி, மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை.

கோங் அமர்வில் இன்னொரு கவலையும் இருக்கிறது. 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபெல் ஆனால் பதினைந்தே நிமிடம். பெரிய கோங்கை அருகில் நின்று ஓங்கி அடித்தால் இந்த அளவை எட்டிவிடும். ஏற்கெனவே இரைச்சல் உள்ள காதை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கருவுற்றிருப்பவர்களும் அதிரும் கவையை உடலில் அழுத்தி வைக்க மருத்துவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். இசையைக் கேட்டால் வலிப்பு வருகிற ஒரு வகைக் கால்-கை வலிப்பும் அரிதாக உண்டு. அப்படிப்பட்ட வரலாறு குடும்பத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் செய்வதற்குத் தடையில்லை. சுருதிப் பெட்டியிலோ கைப்பேசித் தம்பூராவிலோ ஷட்ஜ-பஞ்சமத்தை வையுங்கள். அம்மாவின் குரல் எந்தக் கட்டையில் சிரமமில்லாமல் நிற்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளலாம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மூக்கால் மூச்சை இழுத்து, ஷட்ஜத்தில் வாய் மூடி முனகியபடியே மெதுவாக வெளிவிடட்டும்; ஒரு முறைக்குப் பத்து வினாடி அளவில் வந்தால் நிமிடத்துக்கு ஆறு ஆகிவிடும். முட்டிக்கொண்டு இழுக்க வேண்டாம், தலை சுற்றினால் உடனே சாதாரண மூச்சுக்குத் திரும்பிவிட வேண்டும். பத்து நிமிடம் போதும். முடிந்ததும் ஒலியை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருக்கட்டும். ஒலி அளவு சாதாரணப் பேச்சுக் குரலைத் தாண்டக் கூடாது. இரைச்சல் கூடுவதாக அம்மா சொன்னால் அன்றோடு நிறுத்திவிட்டு, காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.